எடிட்டரிலும் வடகலை தென்கலையா?

(வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



பைத்தான் என்கின்ற கம்ப்யூட்டர் பாஷையைக் கற்றுக்கொள்ளுகிறவர்கள் எந்த எடிட்டரில் எழுதிப் பழகுவது என்பதைப் பற்றி நாம் பேச வேண்டுமென்று இவ்வூர் வாலிபத் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது, போகப் போகத் தெரியும்.

எடிட்டர் என்றதும் யாரும் பயப்பட வேண்டியதில்லை. கணக்குப் போடுகிறவனுக்கு சிலேட்டு எப்படியோ, புரோகிராம் எழுதுகிறவனுக்கு எடிட்டர் அப்படி. அவ்வளவுதான். ஆனால் உலகத்தில் நடப்பதென்ன? சிலேட்டுக்காக மதச் சண்டை நடக்கிறது! அமெரிக்காவில் 1976-ஆம் வருஷத்தில் விஐ என்று ஒன்றும், ஈமாக்ஸ் என்று ஒன்றும் பிறந்தன. அது முதல் அந்த இரண்டு கூட்டத்தாருக்கும் ஓயாத தர்க்கம். ஈமாக்ஸைச் செய்தவர்களில் முக்கியமானவரான ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், பழைய கம்ப்யூட்டர் தட்டு ஒன்றைத் தலையில் ஒளிவட்டமாக மாட்டிக்கொண்டு, "ஈமாக்ஸ் சர்ச்" என்பதின் புனிதராக வேஷம் போட்டுக் காட்டினார். அவர் செய்தது கேலிக்காக. ஆனால், நாமம் எப்படிப் போடுவது என்பதற்குக் கோர்ட்டு வரையில் போன நாட்டிலே அப்படிப்பட்ட கேலியும் நிஜமாகிவிடும் என்பதுதான் நமது பயம்.

இதில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். விஐ-யிலும், அதன் வாரிசாக 1991-இல் வந்த விம் என்பதிலும், இடம் நகர்வதற்கு எச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்துச் சாவிகளை அழுத்துவது வழக்கம். ஏன் அந்த நான்கு? அவற்றில் ஏதேனும் மகிமை உண்டா? ஒன்றுமில்லை. விஐ-யைச் செய்த பில் ஜாய் என்பவர் ஏ.டி.எம்.-3ஏ என்ற மெஷினில் உட்கார்ந்து அதைச் செய்தார். அந்த மெஷினில் அம்புக்குறிக்கென்று தனிச் சாவிகள் கிடையாது. அந்த நான்கு எழுத்துச் சாவிகளின் மேலேயே அம்புக்குறியை அச்சடித்திருந்தார்கள். அடிக்கடி அழுத்த வேண்டிய எஸ்கேப் சாவியும், இன்றைக்கு டாப் சாவி இருக்குமிடத்தில், விரலுக்குப் பக்கத்திலே இருந்தது. இன்று எஸ்கேப் சாவி மூலைக்குப் போய்விட்டது. அம்புச் சாவிகள் தனியாக வந்துவிட்டன. வழக்கம் மாத்திரம் நிற்கிறது. கையை நகர்த்தாமல் வேலை செய்வதில் ஒரு சௌகரியம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. காரணம் தெரிந்து அதைக் கைக்கொள்ளுகிறவர்களோடு நமக்குச் சண்டையுமில்லை. ஆனால் "விம் தெரியாதவன் புரோகிராமரே அல்ல" என்று முதல் நாளே ஒரு சிறு பிள்ளையிடம் சொல்லுவது என்ன யோக்கியம்?

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறோமென்றால், நம் நாட்டில் பிளஸ் 2 கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் இருக்கிறது. கூலிக்காரர் மகளும், நெசவாளர் மகனும் அதைப் படிக்கிறார்கள். இவர்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. எவனோ ஒருவன் சொன்ன பெரிய எடிட்டரைப் போட்டு, அதிலிருந்து வெளியே வரக்கூட வழி தெரியாமல் விழித்து, "நமக்கு மூளை போதாது" என்று முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். "உனக்குப் படிப்பு வராது" என்று இரண்டாயிரம் வருஷமாகச் சொல்லப்பட்டவர்களுக்கு இந்த எண்ணம் வரச் சிரமமா?

நிற்க, எதை எடுப்பது? கடிதம் டைப் செய்யும் வேர்டு கூடாது. அது நேரான மேற்கோள்குறியை வளைத்துவிடும், பைத்தான் அதை ஏற்காது. நோட்பேடில் எழுதலாம். ஆனால் பார்த்து சேமிக்காவிட்டால் பெயருக்குப் பின்னால் டாட் டெக்ஸ்ட் என்ற வாலை அது ஒட்டிவிடும். பைத்தானில் வரியின் ஆரம்பத்தில் விடும் இடைவெளிக்கும் அர்த்தமுண்டு. ஒரு வரியில் டாப் சாவியும், அடுத்த வரியில் இடைவெளிச் சாவியுமாகக் கலந்தால் தப்பு என்று நின்றுவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிவதால் பிள்ளைகள் மணிக்கணக்காய்த் திண்டாடுவார்கள்.

ஆகவே விண்டோஸில் பைத்தானை இறக்கும்போது கூடவே வருகிற ஐடில் போதும். இடைவெளியை அதுவே சரியாக விடும். எழுதி, சேமித்து, எப்-5 அழுத்தினால் ஓடும். அதைவிட, எஸ்தோனியா தேசத்து டார்ட்டு யூனிவர்சிட்டியில் செய்த தானி என்பது ஆரம்பக்காரர்களுக்கென்றே ஏற்பட்டது. பைத்தான் அதற்குள்ளேயே இருக்கிறது. புரோகிராமை ஒவ்வொரு அடியாக நடத்தி, எந்தப் பெயரில் எந்த மதிப்பு இருக்கிறதென்று கண்ணெதிரே காட்டும். இரண்டுக்கும் காசில்லை. நம்மைக் கேட்டால் தானிக்குத்தான் முதலிடம் கொடுப்போம்.

மைக்ரோசாப்ட் கம்பெனி 2015-இல் வெளியிட்ட வி.எஸ். கோடு இன்று வெகு பேர் கையில் இருக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் அதில் பைத்தான் கிடையாது. தனியாகப் போட்டுச் சேர்க்க வேண்டும். நாம் தடுக்காவிட்டால் நம் உபயோகத்தைப் பற்றிய தகவலையும் கம்பெனிக்கு அனுப்பும். அது கிடக்கட்டும். அதில் கோபைலட் என்ற ஏ.ஐ. உதவியை 2024 டிசம்பர் முதல் ஓரளவுக்கு இனாமாகவே கொடுக்கிறார்கள். நீங்கள் அரை வரி எழுதினால் மீதி ஒன்பது வரியை அது எழுதும். புரோகிதன் மந்திரம் சொல்ல, மாப்பிள்ளை அர்த்தம் தெரியாமல் தலையாட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வேலை தெரிந்தவன் கூலியாள் வைத்துக்கொள்ளட்டும். கற்றுக்கொள்ளுகிறவன் தன் கையால்தான் தப்புச் செய்ய வேண்டும். தப்புச் செய்தால் பைத்தான் எந்த வரி என்று நம்பர் போட்டுச் சொல்லுகிறது. அதைப் படிக்கப் பழகுவதே பாதிப் படிப்பு.

ஏட்டம் என்று ஓர் எடிட்டர் 2014-இல் வந்தது. இதற்கு மேல் ஒன்றில்லை என்று பலர் கொண்டாடினார்கள். 2022 டிசம்பரில் அதை நடத்தியவர்களே மூடிவிட்டார்கள். அதில் பைத்தான் கற்றவனுக்கு ஒரு நஷ்டமுமில்லை. ஏட்டத்தை மாத்திரம் கற்றவன்தான் விழித்தான்.

ஆதலால் இங்குள்ள வாலிபர்கள் மூன்று மாதம் தானியிலோ ஐடிலிலோ எழுதுங்கள். பிறகு வி.எஸ். கோடையும் விம்மையும் திறந்து பார்த்து, உங்களுக்கு எது உதவுகிறதென்று நீங்களே தீர்மானியுங்கள். நாம் சொன்னோமென்பதற்காக எதையும் எடுக்க வேண்டாம். கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகள், இருக்கிறவர்களோடு இரண்டு பேராக உட்காரலாம். ஒருவர் எழுத மற்றவர் வரி நம்பரைப் பார்த்துத் தப்பைச் சொல்ல வேண்டும். பிறகு கை மாற வேண்டும். பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே நிறுத்திவிடாதீர்கள்.