படி இறங்கும் கால்கள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இதயத்தைப் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டது. நாங்கள் கால்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். காரணம் இன்று காலையே கிடைத்தது. மூத்த அக்காமார் இருவர் இந்த மண்டபத்துக்கு ஏறிவரவில்லை. "நெஞ்சு வருத்தம், படி ஏறக்கூடாதாம்" என்று சொல்லியனுப்பிவிட்டுக் கீழே வாகனத்திலேயே இருக்கிறார்கள்.

கிளினிக்கில் 'இதயச் செயலிழப்பு' என்று எழுதினால் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். இதயம் நின்றுவிட்டது என்பது அதன் பொருள் அல்ல. உடம்புக்குத் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ள அது சிரமப்படுகிறது, அவ்வளவுதான். கால் வீங்கும், இளைக்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். மருந்து ஒழுங்காக எடுத்தால் பலர் நன்றாக வாழ்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்களிடம் ஓர் அம்மா வந்தார். நாற்பது வருடம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கியவர். மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது, "ஓய்வா இருங்கம்மா" என்றோம். எவ்வளவு ஓய்வு, எத்தனை நாள் என்று சொல்லவில்லை. மகள் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார். பீலிக்கரைக்குப் போகக்கூடாது, கோயில் படி கூடாது, நாள் முழுக்க இஸ்தோப்பில் கதிரை. ஆறு மாதத்தில் வீக்கம் வற்றியது, இளைப்பும் குறைந்தது. ஆனால் யாராவது கைகொடுக்காமல் கதிரையிலிருந்து எழ அவரால் முடியவில்லை. பிறகு மலசலகூடத்துக்கு இறங்கும் இரண்டே படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவர் நடக்கவேயில்லை. மகள் மீது தவறில்லை. அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் நாங்கள்.

வயதானவர்களின் தசை எவ்வளவு வேகமாகக் கரைகிறது தெரியுமா? 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோயில்லாத முதியவர்கள் 12 பேரை 10 நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை போய்விட்டது. பத்தே நாளில்! இதய நோயாளிக்கு இது இன்னும் மோசம். இரத்த ஓட்டம் குறைவு, பசி குறைவு, பயத்தால் அசைவும் குறைவு. மெலிந்த தொடை சீக்கிரம் களைக்கும், அதனாலும் மூச்சு வாங்கும். இதயம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னும் உட்காருவோம். தொடை இன்னும் மெலியும்.

ஏறுவது நல்லதா, இறங்குவது நல்லதா? நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். தெமோதரை ஸ்டேசனை விட்டு பதுளைப் பக்கம் போகும் ரயில் மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, அதே ஸ்டேசனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழையும். அந்த இறக்கத்தில் எஞ்சின் இழுப்பதைவிட பிரேக் பிடிப்பதுதான் வேலை. படி இறங்கும்போது நம் தொடையும் பிரேக்தான். உடல் எடையைத் தாங்கியபடியே தசை நீளும். அந்த வேலைக்கு ஒட்சிசன் குறைவாகவே தேவை, அதனால் இதயத்துக்கும் பாரம் குறைவு. 1952இல் லண்டனில் இதை வேடிக்கையாகவே காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகுக்கு முதுகு வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒரு பெரிய ஆண் முன்னோக்கி மிதிக்க, சிறிய உருவப் பெண்ணொருவர் அதை எதிர்த்துத் தடுத்தார். களைத்துப்போனது அந்த ஆண். ஆய்வைச் செய்தவர்களில் பிரெண்டா பிக்லண்ட் என்ற பெண் விஞ்ஞானியும் ஒருவர் என்பதை இந்த மண்டபத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

2017இல் தாய்வானிலிருந்து வந்த ஆய்வில், உடற்பருமன் கொண்ட முதிய பெண்கள் 30 பேரில் ஒரு பாதியினர் 12 வாரம் படி ஏறினார்கள், மறு பாதியினர் இறங்கினார்கள். இறங்கியவர்களின் தொடைப் பலம்தான் அதிகம் கூடியது. ஆனால் அவர்கள் இதய நோயாளிகள் அல்லர். இதய நோயாளிகளுக்கு 2021இல் வேறோர் ஆய்வு வந்தது. இதயச் செயலிழப்பால் அமெரிக்க வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்ட முதியவர்கள் 349 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு கால் பலம், சமநிலை, நடை ஆகியவற்றில் 12 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் எழுவதும் நடப்பதும் தெளிவாக முன்னேறின. மீண்டும் வைத்தியசாலைக்கு வருவது மட்டும் குறையவில்லை. ஆகவே படி மருந்துக்குப் பதில் என்று யாரும் வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

முதலில் உங்கள் கிளினிக் வைத்தியரிடம் கேளுங்கள். வால்வு மிகவும் சுருங்கியிருந்தால் இந்தப் பயிற்சி ஆகாது. கால் புதிதாக வீங்கினாலோ, மூன்று நாளில் 2 கிலோ எடை கூடினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ அன்று படி வேண்டாம், வைத்தியரைப் பாருங்கள்.

அனுமதி கிடைத்தால் கதிரையில் தொடங்குங்கள். கை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து, மெல்ல உட்காருங்கள். உட்காருவதும் இறக்கம்தான், பொத்தென்று விழக்கூடாது. அது சுலபமான பிறகு வீட்டு வாசலின் கடைசிப் படி, ஒரே ஒரு படி. பிடித்துக்கொண்டு ஏறி, மனதுக்குள் மூன்று எண்ணி இறங்குங்கள். பேசிக்கொண்டே செய்ய முடிய வேண்டும், பேச்சு திக்கினால் நிறுத்துங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். முதல் தடவை இறங்கிய மறுநாள் தொடை வலிக்கும். அது பழக்கமில்லாத தசையின் வலி, இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனால் விழுவது இறங்கும்போதுதான். நமது லயத்துப் படிகள் மண்ணில் வெட்டியவை, மழை பெய்தால் பாசி பிடிக்கும், பிடிக்க எதுவும் இருக்காது. அங்கே பயிற்சி வேண்டாம். தேய்ந்த ரப்பர் செருப்போடும் வேண்டாம், கையில் வாளியோடும் வேண்டாம்.

சாப்பாட்டில் முட்டை, பருப்பு, அவித்த கடலை இருக்கட்டும். கருவாட்டில் தசைக்கு வேண்டிய புரதம் உண்டு, வீக்கத்துக்கு வேண்டாத உப்பும் உண்டு. எங்கள் வீட்டிலேயே இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக என்ன கட்டுவது என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த மண்டபத்துப் படிகளுக்குக் கைபிடிக் கம்பி போடலாமே. இரண்டு பக்கமும் வேண்டும். ஏறும்போது வலப்பக்கம் இருக்கும் கம்பி இறங்கும்போது இடப்பக்கம் வந்துவிடும், பலருக்குப் பலம் ஒரு கையில்தான். கூட்டம் முடிந்ததும் நாங்கள் கீழே போய் அந்த இரண்டு அக்காமாரையும் பார்க்கப் போகிறோம். அவர்களுடைய கிளினிக் கொப்பிகளையும் வாங்கிப் பார்ப்போம்.