படிப்பு ஒரு கைமாத்து

(சங்கத்தின் புத்தாண்டு விழாவில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்று நமக்குச் சித்திரைப் புத்தாண்டு. ரங்கூனில் இதே நாட்களில் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா. பபேடானில், நம் பெரியவர்கள் மொகல் தெரு என்று சொன்ன ஷ்வே போன்தா தெருவில், நனையாமல் யாரும் வீடு போய்ச் சேர முடியாது. 1871ல் நம்மவர்கள் கட்டிய காளியம்மன் கோவில் இன்றும் அங்கே நிற்கிறது. நம் கடைகள்தான் போய்விட்டன. 1964ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கடையும் போச்சு, நோட்டும் போச்சு.

"கடையை எடுத்துக்கிட்டாங்க; படிப்பை யாரும் எடுக்க முடியாதுடா" என்றார் என் அப்பா. சொல்லிவிட்டார். ஆனால் படிப்புக்கும் பணம் வேணுமே!

1973ல் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதிக்கு முன்பணம் கட்ட வழியில்லை. பழைய மாணவர்கள் வைத்த நிதி ஒன்று இருப்பதாகவும், மனு எழுதிக் கொடுத்தால் கிடைக்கும் என்றும் அலுவலகத்தில் சொன்னார்கள். அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. "நாலு பேர் முன்னால கையேந்தாதே" என்றார். அம்மாதான், "இது பிச்சை இல்லைங்க, கைமாத்து. நாளைக்கு இவன் சம்பாதிச்சு இன்னொரு பிள்ளைக்குக் குடுப்பான்" என்றாள். இன்று நான் பேச வந்தது அந்தக் கைமாத்தைப் பற்றித்தான்.

இது நமக்குப் புதுசு இல்லை. அழகப்பச் செட்டியார் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. படித்தவர். மலாயாவில் ரப்பர் தோட்டம், பர்மாவில் வெள்ளீயச் சுரங்கம் என்று சம்பாதித்தார். தாம் படித்த சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். 1944ல் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி பிறந்தது. 1947ல் காரைக்குடியில் கலைக்கல்லூரி தொடங்கினார். 1957ல் மறையும்போது அவருக்கு வயது 50 கூட நிறையவில்லை. பர்மா மண்ணில் விளைந்த காசும் இங்கே படிப்பாக மாறியிருக்கிறது, பாருங்கள்.

பர்மியர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பழைய மாணவர்கள் ஒன்றுகூடி, வயதான ஆசிரியர்களை உட்கார வைத்து வணங்கி, காணிக்கை கொடுப்பார்கள். ஸயா கடோ ப்வே என்று பெயர். படித்த இடத்தை மறக்காதே என்பதுதான் அதன் பொருள்.

இந்தக் காலத்திலும் நடக்கிறது. 1970ல் சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.டெக். முடித்த கிருஷ்ணா சிவுகுலா, 2024 ஆகஸ்டில் அந்த நிறுவனத்துக்கு 228 கோடி ரூபாய் கொடுத்தார். அதில் ஒரு பகுதி மாணவர் உதவித்தொகைக்கு.

"கோடி கொடுக்க நாம எங்கே போறது?" என்று கேட்பீர்கள். கணக்குப் போடுவோம். நம் சங்கத்தால் படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் 100 பேர் ஆளுக்கு 5,000 ரூபாய் போட்டால் 5 லட்சம். முதலைத் தொடவே கூடாது. வங்கியில் 6 சதவீத வட்டி என்றால் வருஷம் 30,000. விலைவாசி ஏறுமல்லவா? ஆகவே 6,000 ரூபாயை முதலோடு சேர்த்துவிட்டு, மீதி 24,000ஐ மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கு 8,000 கொடுக்கலாம். அந்த மூவரும் வேலைக்குப் போன பிறகு தங்கள் பங்கைப் போட்டால் மூன்று ஐந்தாகும், ஐந்து பத்தாகும்.

அரசாங்கமும் உதவத்தான் செய்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022லும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024லும் வந்தன. ஆனால் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவது பெரிய தொகையால் மட்டுமல்ல. தேர்வுக் கட்டணம், பஸ் செலவு, மெஸ் பாக்கி என்று சின்னச் சின்னதாகத்தான் கழுத்தை நெரிக்கும். நம் நிதி அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

மண்டபத்துக்கு மாடி கட்ட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருஷம் பொறுக்கலாம் என்கிறேன். மாடி அடுத்த வருஷமும் கட்டலாம். இந்த ஜூனில் கல்லூரியில் சேர முடியாத பிள்ளை அடுத்த ஜூனில் எங்கேயோ கடையில் வேலைக்கு நிற்பான்.

மூன்றே மூன்று விதி வைப்போம். உதவி பெறுகிறவர் பெயரை மேடையில் சொல்லக்கூடாது. என் அப்பாவின் கூச்சம் எனக்குத் தெரியும். கணக்கை மட்டும் வருஷா வருஷம் இந்த மலரில் அச்சிட வேண்டும். சாதி, மதம் பார்க்கக்கூடாது. பபேடானில் காளி கோவிலும், சூலியா பள்ளிவாசலும், யூதர் கோவிலும் நாலு தெருவுக்குள்தானே இருக்கின்றன!

2021ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பர்மாவில் எத்தனையோ பிள்ளைகளின் பல்கலைக்கழகப் படிப்பு பாதியில் நின்றது. நம் உறவுப் பிள்ளை யாராவது படிக்க இங்கே வந்தால், அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று இன்றே தீர்மானம் போடுங்கள்.

நான் வாங்கிய கைமாத்தைக் கொஞ்சம் திருப்புகிறேன். இந்த உறையைப் பொருளாளர் பெற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த உறை யாருடையது?