சாவா மூவா மாடுகள்



சமணக் காஞ்சியாகிய இந்தத் திருப்பருத்திக்குன்றத்தில், திரைலோக்கியநாதர் கோயிலுக்குப் பக்கத்தில், சாணத்தைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். இதற்கு என்னைத் தலைவராக்கியது பெருமைதான். உள்ளுக்குள் கொஞ்சம் உதறலும் இருக்கிறது. எருக்குழியை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறீர்கள். செயலாளர் வேறு கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அழைப்பிதழில் உள்ள தலைப்பு ‘மாட்டெருவின் தழைச்சத்து: வட்டாரங்களும் காலமும்’. அம்மோனியா ஆவியாவதையும் எரு மக்கும் வேகத்தையும் உங்களுக்கு விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். பொதுச் சித்திரத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். போவென் ஜாங் குழுவினர் 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகக் கால்நடை எருவில் இருந்த தழைச்சத்து 1860இல் ஆண்டுக்கு 2.14 கோடி டன், 2014இல் 13.1 கோடி டன். அதில் மாட்டின் பங்கே பெரியது. தலைப்புக்குச் செய்யவேண்டிய மரியாதை முடிந்தது. இனி என் வழக்கு.

இத்தகைய எண்களை நாம் எப்படி உண்டாக்குகிறோம்? மாடுகளின் தலைக்கணக்கை ஒரு மாறிலியால் பெருக்குகிறோம். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி, இந்தியத் துணைக்கண்டத்துக் கறவை மாட்டுக்கு 275 கிலோ எடையும், கன்றுகாலிகள் உட்பட மற்ற மாடுகளுக்குச் சராசரி 110 கிலோ எடையும் தருகிறது. ஆயிரம் கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு முறையே 0.47, 0.34 கிலோ தழைச்சத்து. பெருக்கினால் கறவை மாட்டுக்கு ஆண்டுக்கு 47 கிலோ, மற்றதற்கு 13.7 கிலோ. மேற்கு ஐரோப்பியக் கறவை மாட்டுக்கு 105. வட்டாரங்களை ஒப்பிட இது உதவும், குறை சொல்லமாட்டேன். ஆனால் காலத்தை ஒப்பிட? 1961ஆம் ஆண்டு மாட்டுக்கும் 2019ஆம் ஆண்டு மாட்டுக்கும் அதே 110, அதே 0.34 என்றால், நாம் வரைகிற கோடு கால்நடைக் கணக்கெடுப்பின் கோடுதான். தழைச்சத்து என்று அதற்குப் பெயர் மட்டும் சூட்டியிருக்கிறோம்.

சோழர் கல்வெட்டுகளில் நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் விடுவார்கள். சாவா மூவாப் பேராடு என்று எழுதிவைப்பார்கள். செத்தாலும் கிழடானாலும் எண்ணிக்கை குறையக் கூடாது என்ற ஏற்பாடு அது. கோயில் நெய்க்கணக்குக்குச் சரி. நம் அட்டவணை மாடுகளும் அறுபது ஆண்டுகளாகச் சாகாமல் மூப்படையாமல், ஒரு கிலோ எடைகூட ஏறாமல் நிற்கின்றனவே!

தமிழ்நாட்டில் 2012இல் 88.14 லட்சமாக இருந்த மாடுகள் 2019இல் 95.19 லட்சமாயின. எருமைகள் 7.80 லட்சத்திலிருந்து 5.19 லட்சமாகக் குறைந்தன. இதை மாறிலியால் பெருக்கி, மாட்டுத் தழைச்சத்து எட்டு விழுக்காடு கூடியது என்று எழுதுகிறோம். உழவு எருதுகள் போய்க் கலப்பினக் கறவைகள் வந்த மாற்றத்தை அந்த எட்டு விழுக்காட்டில் எங்கே தேடுவது?

தேட ஓர் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. பாலாற்றைக் கடந்து வந்தவாசிச் சாலையில் போனால் தூசி என்ற ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்லேட்டர் 1918இல் வெளியிட்ட கிராம ஆய்வுகளில் ஒன்று இந்த ஊரைப் பற்றியது. பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் பதிப்பித்த மறு ஆய்வு 1940இல் வந்தது. மார்கரெட் ஹாஸ்வெல் 1967 நூலில் எழுதினார். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்காக எஸ். குகனும் கே. பரதனும் 1984இல் எழுதினார்கள். ஒரே ஊர், நான்கு பார்வை. பொருளியலார் இவற்றைக் கூலிக்காகவும் கடனுக்காகவும் வாசித்தார்கள். மண்ணியலார் நாம் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முன்பு ஓர் அவையில் இதை நான் சொன்னபோது, மதிப்புக்குரிய நண்பர் ஒருவர், “ஓர் ஊரை வைத்து உலகத்தை அளக்காதீர்கள்” என்றார். அவர் இன்றும் வந்திருக்கிறார், வணக்கம், ஐயா. உலகத்தை வைத்து ஊரை அளப்பதைத்தான் நானும் வேண்டாம் என்கிறேன்.

எரு எங்கிருந்து வந்தது என்பது எடையைவிடப் பெரிய கேள்வி. ஏரி உள்வாயிலும் புறம்போக்கிலும் தாளடியிலும் மேய்ந்த மாடு, ஊருக்குள் இருந்த சத்தைத்தான் கழனிக்கு இடம் மாற்றியது. புண்ணாக்கு தின்னும் மாட்டின் கதை வேறு. ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் சுமார் 70 கிராம் தழைச்சத்து. ஒரு லிட்டர் பாலில் வெளியேறுவது சுமார் 5 கிராம். மீதியில் பெரும்பகுதி சாணத்திலும் மூத்திரத்திலும் இறங்குகிறது. அது வேறு ஊர்க் கடலைக்காட்டிலிருந்து புதிதாக வந்த சத்து. இரண்டையும் ஒரே நிரலில் கூட்டினால் கூட்டுத்தொகை கிடைக்கும், பொருள் கிடைக்காது.

போய்ச் சேரும் இடமும் அப்படித்தான். இந்திய வேளாண்மை பற்றிய வோல்க்கரின் 1893 அறிக்கையில் வறட்டி எரிப்பது பற்றிய பக்கங்களை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். விறகில்லாத குறையால்தான் உழவர் சாணத்தை எரிக்கிறார் என்று அவர் நியாயம் பேசியதும் நமக்கு இனிக்கிறது. மாட்டு மூத்திரம் வீணாவதைப் பற்றி அவர் எழுதியதைத் தாண்டிப் போய்விடுகிறோம். கழிவில் ஏறத்தாழப் பாதித் தழைச்சத்து அதில்தான் இருக்கிறது. மண்தரைக் கொட்டகையில் ஊறிய மண்ணையாவது சுரண்டிக் குப்பையில் போடலாம். இன்று சிமெண்டுத் தரையைக் குழாய்நீரால் கழுவி வாய்க்காலில் விடுகிறோம். எரிவாயு அடுப்பு வந்து சாணம் பிழைத்தது, சிமெண்டு வந்து மூத்திரம் போயிற்று. இவற்றில் எதுவும் மாறிலியில் தெரியாது.

எனவே ஒரு வேண்டுகோள். கட்டுரை படிப்பவர்கள் எந்த எடை, எந்த மாறிலி, எந்த ஆண்டின் கணக்கெடுப்பு என்பதை முதல் படத்திலேயே சொல்லிவிடுங்கள். நாளை மதியம் பட்டுத்தறிகளைப் பார்க்கப் போவதாக நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. செயலாளர் கோபித்துக்கொள்ளாவிட்டால், இளைஞர்கள் நான்கைந்து பேர் சாக்குப்பையும் தராசுமாக என்னோடு தூசிக்கு வாருங்கள். வண்டியில் இடம் இருக்கிறது.