மழைக் கணக்கை எங்க ஊருக்குள்ளே எடு!
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

விருதுநகர் மாவட்டத்துக்கு வருஷத்துக்கு சுமார் 82 செ.மீ. மழை என்று அரசு ஏடு சொல்கிறது. அதில் பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அடிக்கிற வடகிழக்குப் பருவமழை. தென்மேற்குப் பருவத்திலே மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டிவிடுகிறது. நமக்கு வருவது காத்து மட்டும்தான். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மலையடிவாரத்தில் இருக்கிற ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கம் கொஞ்சம் தண்ணி இருக்கிறது. நெல், தென்னை, மா நிற்கிறது. கிழக்கே வந்தால் சாத்தூர், அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி, நரிக்குடி எல்லாம் வானம் பார்த்த பூமி. புரட்டாசியிலே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு மேகத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் நாம். முதல் மழை 2 செ.மீ. பெய்து முளைக்க வைத்துவிட்டு, அப்புறம் இருபது நாள் காய்ந்தால் முளை கருகிப்போகும். மறு விதைப்புக்கு விதைக்காசு, உழவுக்காசு யார் தருவது?

தோழர்களே, நம்மை ஏமாற்றுவது வானம் மட்டுமல்ல, சராசரிக் கணக்கும்தான். ஒரு உதாரணம் பாருங்கள். மூணு மாசத்தில் பெய்ய வேண்டியது 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசிக் கடைசியில் மூணே நாளில் 20 செ.மீ. கொட்டுகிறது. பிறகு 35 நாள் ஒரு சொட்டு இல்லை. உளுந்து பூவோடு கருகிவிடுகிறது. எல்லாம் முடிந்த பிறகு மார்கழியில் 18 செ.மீ. பெய்கிறது. கூட்டினால் 38. வானிலைத் துறை கணக்கில் சராசரிக்கு 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அது ‘இயல்பான மழை’தான். ஏட்டிலே இயல்பு, காட்டிலே சருகு!

2016-இல் தமிழகம் முழுக்க வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10-இல் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டமாக அறிவித்தார்கள். மானாவாரிக்கு ஏக்கருக்கு 3,000 ரூபாய் என்றார்கள். அடுத்து 2023 டிசம்பர் 17, 18. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. நமக்கு ஒரு வருஷம் பெய்வதை விட அதிகம், ஒரே நாளிலே! கடல் சூடாகச் சூடாக காத்து கூடுதல் ஈரத்தை இழுக்கிறது, பெய்தால் மொத்தமாகப் பெய்கிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். பெய்யும் நாள் குறைந்து, ஒரே நாளில் பெய்வது கூடினால், தூர்ந்துபோன கண்மாயில் எப்படித் தண்ணி நிற்கும்? மடை வழியே ஓடி வைப்பாறு, குண்டாறு வழியாகக் கடலுக்குத்தான் போகும்.

இந்தக் காய்ச்சலை நம்பித்தான் 1923-இல் சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்தது, பின்னால் பட்டாசு வந்தது. தீக்குச்சி காய வெயில் வேண்டும், கூலிக்கு ஆள் வேண்டும். இரண்டையும் கொடுத்தது நம் மழையில்லாக் காடு. வெள்ளாமை விழுந்த வருஷமெல்லாம் நம்ம பிள்ளைகள் பட்டாசு ஆபீஸ் வேனில் ஏறுகிறார்கள். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி வெடிவிபத்தில் 40 பேர் அளவில் மாண்டார்கள். அந்தத் தொழிலை நாம் பழிக்கவில்லை, அது சோறு போடுகிறது. ஆனால் விருப்பப்பட்டுப் போவது வேறு, காடு காய்ந்து வேறு வழியில்லாமல் போவது வேறு.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். 2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டில் நம் பங்கு காரீப் பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு ஒன்றரை, பருத்தி, மிளகாய் போன்றவற்றுக்கு 5 சதவீதம். கட்டுகிறோம். ஆனால் உங்க காட்டுக்கு நஷ்டம் என்பதால் பணம் வராது. அறிவித்த பகுதி, அது வருவாய் கிராமமாகவோ பிர்க்காவாகவோ இருக்கும், அங்கே சில இடத்தில் பயிர் அறுவடைச் சோதனை செய்து, அந்தச் சராசரி குறைந்தால்தான் வரும். ஒப்பிடுவது எதோடு? போன 7 வருஷத்தில் நல்ல 5 வருஷத்து மகசூலோடு. ஏழில் மூணு நாலு வருஷம் வறட்சி என்றால் அந்த அளவே இறங்கிப்போகிறது. அடிக்கடி அடிபடுகிறவனுக்கு இழப்பீடு குறைவு. இது என்ன நியாயம்?

பேரிடர் நிவாரணமும் அப்படித்தான். 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமானால், 2022-இல் வகுத்த விதிப்படி மானாவாரிக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய். ஏக்கருக்கு 3,440. உழவுக் கூலிக்கும் விதைக்குமே இது பத்துமா?

ஆகவே நாம் கேட்பது:

1. மாட்டுக்கு ஒரு கொம்பு நனைந்தால் மறு கொம்பு காய்கிற மழை நம் மழை. தாலுகா ஊரில் அளந்து நம் ஊருக்கு எழுதாதே. ஊராட்சிக்கு ஒரு மழைமானி வை, அளவைப் பலகையில் எழுதிப் போடு.
2. மொத்த மழையை மட்டும் பார்க்காதே. விதைத்த பின் எத்தனை நாள் தொடர்ந்து காய்ந்தது என்பதையும் வறட்சிக் கணக்கில் சேர்.
3. அறுவடைச் சோதனை நாளை முன்கூட்டியே ஊரில் தண்டோராப் போட்டுச் சொல்.
4. மறு விதைப்புக்கு உளுந்து, பாசி, குதிரைவாலி, சோளம் விதையை இலவசமாக இருப்பு வை.
5. கண்மாய், வரத்துக் கால்வாயைப் பருவத்துக்கு முன்னே தூர் வாரு. வண்டல் எடுக்க தாசில்தாரே அனுமதிக்கலாம் என்று 2024-இல் விதி மாறியது. அலைய விடாமல் அனுமதி கொடு.

கோரிக்கை வைத்தால் மட்டும் போதாது, நாமும் செய்வோம். ஒவ்வொரு ஊரிலும் நேரான வாயுள்ள ஒரு டப்பாவை வெட்டவெளியில் வைப்போம். தினம் காலை எட்டரைக்கு ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவோம். ஒரு செ.மீ. மழை என்றால் ஏக்கருக்கு 40,000 லிட்டர் தண்ணி. விதைத்த தேதி, காய்ந்த நாள், பிரீமியம் ரசீது, அடங்கல் நகல் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். டப்பா அளவை அதிகாரி ஏற்காமல் போகலாம். அப்படியானால் ‘உங்க மழைமானி எங்கே?’ என்று கேட்க நமக்கு வாய் இருக்கும்.

மாதந்தோறும் கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேர், ஆம்பளை பொம்பளை எல்லாரும், அந்த நோட்டோடு வாங்க. தனியாப் போனால் மனு, கூட்டமாப் போனால் கோரிக்கை.

நாம் கேட்பது பிச்சை அல்ல, உழைப்புக்கு உரிய கணக்கு!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!