தேயிலைக்கு இட்ட உரம் ஓடைக்குப் போகலாமா?



உரமிட மழையை எதிர்பார்ப்பது நம் வழக்கம். மண்ணில் ஈரம் வேண்டும் என்பது சரிதான். ஆனால் ஐப்பசி அடைமழைக்கு முதல் நாள் சரிவான தோட்டத்தில் யூரியாவைத் தூவினால் என்ன ஆகும்? யூரியா எளிதில் கரைவது. மண்ணில் மாற்றமடையுமுன் பெருமழை பெய்தால் நீரோடு போய்விடும். நின்றதும் முதலில் அம்மோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறும். அம்மோனியத்தை மண் பிடித்து வைக்கும். நைட்ரேட்டைப் பெரும்பாலும் பிடிக்காது. மணிச்சத்தோ மண் துகளில் ஒட்டிக்கொண்டு மண்ணரிப்போடு போகிறது. ஓடை செந்நிறமாகக் கலங்கி ஓடும்போது உங்கள் உரமும் அதில் ஓடுகிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20 கிலோ 700 கிராம். அதில் கால் பங்கு வீணாகி நைட்ரேட்டாக நீரில் சேர்ந்தால், சுமார் 5 லட்சம் லிட்டர் தூய நீரைக் குடிநீருக்கு அனுமதித்த எல்லைக்கே கொண்டுவந்துவிடும். அந்த எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தத்துக்கு ஆபத்து. குன்னூர் ஆறு பவானியில்தான் சேருகிறது. மேட்டுப்பாளையத்தில் அந்த ஆற்றுநீரைத்தான் குடிக்கிறார்கள். தேங்கிய நீரில் இச்சத்துக்கள் சேர்ந்தால் பாசி பெருகும்; அது அழுகும்போது நீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் மடியும். சாக்கடையும் காய்கறித் தோட்டங்களும் இதில் பங்குதாரர்கள்தாம். ஆனாலும் நம் பங்கு நம் கையில் இருக்கிறது.

கொழுந்து விலை இறங்கும்போது, எடையைக் கூட்டலாமென்று யூரியாவை அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. செடி எடுப்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. மிஞ்சியது மண்ணின் புளிப்பை ஏற்றிவிட்டு ஆற்றுக்குப் போகும். ஆகவே ஆண்டுக்குரிய அளவைப் பல தவணைகளாகப் பிரித்து, மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும்போது இடுங்கள். கவாத்து செய்த செடியில் இலையே இல்லை. புதுத் தளிர் வரும் வரை தழைச்சத்து வேண்டாம். கவாத்துக் குச்சியை அடுப்புக்கு எடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். இலையையாவது தோட்டத்திலேயே பரப்பிவிடுங்கள், மண் அரிக்காது. சமமட்டக் கால்வாய்களில் இடையிடையே மண் தடுப்பு விடுங்கள். மழைக்கு முன் அவற்றைத் தூர் வாருங்கள். ஓடைக்கரையை ஒட்டிய வரிசைகளுக்கு உரமிடாமல், கரையில் புல் வளர விடுங்கள்.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது, அண்மையில் உரமிட்ட இடத்தையும் ஓடையோரத்தையும் தவிர்த்து, தோட்டத்தின் பல இடங்களில் எடுத்துக் கலந்து அனுப்புங்கள்.