விமானி வேலைக்குப் போகும் வழி



விமானம் ஓட்டுபவர் விமானி. அவர் எப்படி வேலைக்குப் போகிறார்?

அமெரிக்காவில் பல விமானிகள் ஓர் ஊரில் குடியிருக்கிறார்கள். வேலை தொடங்குவது வேறு ஊரில். அங்கே போவதும் விமானத்தில்தான். காலி இடம் இருந்தால் இலவசமாக ஏறலாம். இடம் இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். அதனால் பலர் முதல் நாளே கிளம்புகிறார்கள். விடுமுறை நாள் வீணாகிறது. இந்தப் பயணம் வேலை நேரத்தில் சேராது.

2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகர் அருகே ஒரு விமானம் விழுந்தது. 50 பேர் இறந்தார்கள். விமானத்தைக் கையாண்டதில் நேர்ந்த பிழையே காரணம். துணை விமானி முந்தைய இரவு முழுவதும் பயணம் செய்து வந்தவர். விமானிகள் இருவரும் களைத்திருக்கக்கூடும் என்றது விசாரணை.

விமானிகளுக்குச் சங்கம் உண்டு. நிறுவனத்தோடு அது ஒப்பந்தம் பேசும். அப்போது சங்கத்துக்குள்ளேயே இரண்டு குரல் எழும்.

“எங்களுக்கு உறுதியான இருக்கை வேண்டும். தங்க அறை வேண்டும்” என்பார் தொலைவில் இருப்பவர்.

“தூரத்தில் குடியிருப்பது உங்கள் விருப்பம். அந்தப் பணத்தைச் சம்பளத்தில் சேர்த்தால் எல்லோருக்கும் கிடைக்குமே” என்பார் உள்ளூர்க்காரர்.

“எங்கள் ஊரில் இருந்த தளத்தை நிறுவனம்தான் மூடியது. பிள்ளைகளின் படிப்பை விட்டு எப்படி வருவது?” என்பார் இன்னொருவர்.

எல்லோர் பேச்சிலும் நியாயம் உண்டு. பானை ஒன்று, பசி பல. அதனால் சங்கம் முதலில் உறுப்பினர்களின் கருத்தைக் கேட்கிறது. பிறகு நிறுவனத்தோடு பேசுகிறது. முடிவில் ஒப்பந்தத்தை ஏற்பதா என்று உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள்.

உள்ளே பேசித் தீர்த்தால்தான் வெளியே ஒரே குரலில் கேட்க முடியும்.

நீங்கள் அந்தச் சங்கத்தில் இருந்தால் எதை முதலில் கேட்பீர்கள்? கூடிப் பேசுங்கள்.