எதிர்க்காற்றுக்கும் ஒரு கணக்கு

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்தக் கோப்பையைப் பாருங்கள். நான் இங்கே படித்தபோது ஒரு சைக்கிள் குழு எனக்குக் கொடுத்தது. இன்று அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் கொண்டுவந்தேன்.

அது ஆடி மாசம். பாதிப்பேர் தென்காசியிலிருந்து தூத்துக்குடிக்கு வரணும். மீதிப்பேர் இங்கிருந்து தென்காசிக்குப் போகணும். ஒரே ரோடு, நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். யாருக்கு நேரம் குறைவோ அவருக்குக் கோப்பை என்றார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்த மேல்காற்று என்னை முதுகில் தள்ளிக்கொண்டே வந்தது. நாலரை மணி நேரத்தில் முடித்தேன். என் அறைத்தோழன் அதே காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஆறு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தான். கோப்பை எனக்கு!

கணக்கு வாத்தியார் ஆன பிறகுதான் உறைத்தது. என் கூட்டத்தில் நடுவாக வந்தவருக்கு நாலு மணி நாற்பது நிமிஷம். நான் பத்தே நிமிஷம் முன்னால். அவன் கூட்டத்தில் நடுவாக வந்தவருக்கு ஏழு மணி. அவன் ஒரு மணி நேரம் முன்னால். நூற்றுக்கு எனக்கு நாலுகூட இல்லை, அவனுக்குப் பதினாலு!

“அவன் கூட்டமே சோதாவாக இருந்திருந்தால்?” என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு திசையிலும் ஓட்டிய சிலர் வேண்டும். அவர்களுடைய இரண்டு நேரங்களையும் ஒப்பிட்டால் எந்தப் பக்கம் எவ்வளவு கடினம் என்று தெரிந்துவிடும்.

நம் ஊருக்கு இது புதிதல்ல. 1961-உடன் நின்றுபோன முத்துக்குளிப்பில், ஒவ்வொரு பாரிலும் மாதிரிச் சிப்பி எடுத்து, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு மதிப்பு என்று தனித்தனியே கணக்கிட்டார்கள். ஒரு பாரின் விலையை இன்னொரு பாருக்கு வைக்கவில்லை.

பிரான்சில் பிறந்து இந்தியாவிலும் நடக்கும் ‘பிரெவே’ நெடும்பயணத்தில் 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி, 600-க்கு 40 மணி கெடு. மலையானாலும் சமவெளியானாலும் அதே கெடுதான். ஆனால் அங்கே முதல், இரண்டாம் என்ற வரிசையே கிடையாது. கெடுவுக்குள் முடித்தவர் எல்லோரும் சமம். வரிசைதான் வேண்டும் என்றால், பாதையையும் காற்றையும் முதலில் எடைபோட வேண்டும்.

மாணவர்களே, அடுத்த பரிசு கொடுக்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மூணாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறவனே, மேடைக்கு வாடா. கோப்பை உன்னுடையது.